அவள் உயரத்துக்கு ஒரு மேடை

இந்த வருடம் பாளை வெடிப்பதற்கு முன்பே அடுப்பைக் கட்டி முடித்துவிட வேண்டும் என்று இருந்தேன். பாளை வெடிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தலைக்கு மேல் வேலை. எங்கள் தொழிலில் அது பேச்சுக்குச் சொல்வதில்லை, வேலை நிஜமாகவே தலைக்கு மேல்தான் இருக்கும்.

நான் இருப்பது அபுதாபியில் லிவா பக்கம், மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு பேரீச்சைத் தோட்டத்தில். நூற்றுச் சொச்சம் மரம், முப்பது ஆடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அர்பாப் குடும்பம் வாரக் கடைசியில் வந்து இறங்குகிற பெரிய வீடு. அர்பாப் என்றால் இங்கே முதலாளி. வேலியோரம் வேலைக்காரர்களுக்கு இரண்டு ரூம். ஒன்றில் நான், ஒன்றில் பாய். பாய் பெஷாவர் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயர மரமெல்லாம் அவர் பொறுப்பு, குட்டை மரமும் ஆடும் குழாயும் என் பொறுப்பு. இதற்கு முன் ஆறு வருடம் கடலோரத்து ருவைஸில் எண்ணெய்க் கம்பெனிக்குச் சாரம் கட்டினேன். ஊரைவிட்டு வந்து மொத்தம் பதினேழு வருடம் ஆகிறது.

குளிர் விட ஆரம்பித்ததும் இங்கே வேலை வரிசை கட்டி நிற்கும். காய்ந்த மட்டைகளை அறுத்து இறக்க வேண்டும், நிற்கிற மட்டைகளின் முள்ளைச் சீவ வேண்டும், இல்லையென்றால் பூக்கட்டும்போது கண்ணைக் குத்திவிடும். சொட்டு நீர்க் குழாயெல்லாம் உப்பு அடைத்துக்கொண்டு கிடக்கும், ஒவ்வொரு துளையாகக் குத்திவிட வேண்டும். காற்று கொண்டுவந்து வேலியில் சாய்த்த மணலை அள்ள வேண்டும். சினை ஆடுகளைப் பிரித்துக் கட்ட வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் ஆண் மரத்தில் பாளை வெடித்துவிடும். அந்தப் பூங்கொத்தை அறுத்து, நிழலில் உலர்த்தி, பெண் மரத்தில் பாளை வெடித்த சில நாளுக்குள் ஏறி, பூவுக்குள் நாலைந்து ஆண் சரங்களைத் தலைகீழாகச் செருகி, ஓலைக் கிழிசலால் கட்ட வேண்டும். ஒரு மரம் இன்றைக்கு வெடிக்கும், பக்கத்து மரம் பத்து நாள் கழித்து வெடிக்கும். அதனால் மாசி பங்குனி முழுக்க ஒருவருக்கும் லீவு கிடையாது. எங்கள் குலதெய்வக் கோயில் சிவராத்திரிக்கு நான் நின்று பதினேழு வருடம் ஆகிறது என்றால் காரணம் இந்த மரங்கள்தான், அதற்கு முன் அந்த சாரங்கள்.

இந்த வருடம் எப்படியாவது போய்விடலாம் என்று அர்பாப்பிடம் கேட்டேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மகளைப் போன ஆவணியில் கட்டிக் கொடுத்தோம், அவள் திருப்பூரில் இருக்கிறாள். வீட்டில் என் மனைவி தனியாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பூ நேரத்தில் லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்றார். என் முகம் எப்படிப் போனதோ தெரியாது, கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்து, நீ போக முடியாது, அவள் வரலாமே, மேடத்தை ஒரு மாதம் இங்கே கூட்டிக்கொண்டு வா, விசாவுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் மனைவியை அதுவரை யாரும் மேடம் என்று சொன்னதில்லை. போனில் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு, கல்யாணமான புதிதில் கேட்டது.

ஒரு மாதம். என் ரூமில், என்னோடு, விருந்தாளி மாதிரி இல்லாமல் குடும்பம் நடத்த. அதற்கு மேல் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

மனிதன் ஒரு தடவை கூடு கட்ட இறங்கினால் நிறுத்தத் தெரிவதில்லை. ரூமுக்கு வெள்ளை அடித்தேன். குளிக்கிற மறைவுக்குக் கதவு வைத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டேன், பதினோரு வருடமாக அதற்கு ஒரு சாக்குத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டினேன். துணி காயப் போட ஆட்டுப் பட்டியின் வாடை வராத பக்கமாகப் பார்த்துக் கம்பி கட்டினேன். பாய் மரத்து மேலிருந்து பார்த்துவிட்டு, வரப்போவது உன் வீட்டுக்காரியா, அமைச்சரா என்று கேட்டார். பேசாமல் உங்கள் மரத்தைப் பாருங்கள் என்றேன். ஆனாலும் அன்று சாயங்காலம் அவரே வந்து கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

கடைசியாக அடுப்பு. ரூமை ஒட்டித் தகரச் சாய்ப்பு இறக்கி, அதற்குள் மண் குழைத்து, மூன்று குமிழ் வைத்து ஊர் அடுப்பு போட்டேன். காய்ந்த மட்டை மலை மாதிரி கிடக்கிறது, விறகுக்குப் பஞ்சமில்லை. மேலே தவிடும் சாணமும் இல்லாததால் ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்துப் பூசினேன். ஒரு துண்டு இரும்புக் குழாயை அறுத்து, விளிம்பை ராவி, ஊதுகுழலும் செய்து வைத்தேன். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கன்னத்தை உப்பி ஊதி, புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒரு படம் என் மனதில் உண்டு. ருவைஸ் கேம்பில் பங்க் கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனையோ வருடம் பார்த்த படம் அது.

வீடியோ போட்டுக் காட்டினேன். கதவைக் காட்டினேன், நல்லாருக்கு என்றாள். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து காட்டினேன், சிரித்தாள். அடுப்பைக் காட்டினேன். சத்தமே இல்லை. நெட்தான் நின்றுவிட்டதென்று போனை ஆட்டினேன். நிற்கவில்லை, அவள்தான் பேசாமல் இருந்தாள்.

"எனக்குக் கீழ உக்கார முடியாதுங்க" என்றாள். "முட்டி போயி ஆறு வருசம் ஆச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போன தடவை வந்தபோதுகூடப் பின்கட்டு அடுப்பில் உட்கார்ந்து மீன் குழம்பு வைத்தாயே, நான் பார்க்கவில்லையா என்று கத்தினேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். எப்போதோ ஒரு லீவில், கேஸில் வைத்த மீன் குழம்பு வாய்க்கு விளங்கவில்லை என்று நான் சொன்னேனாம். அதிலிருந்து நான் வருகிறேன் என்றால் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வாளாம். லீவு ஒன்றரை மாதமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்து சமைப்பாளாம்.

"நீங்க ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டா அந்த அடுப்புல பூனதான் படுத்திருக்கும்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா அங்கேருந்து கால் அமுக்கிவிடப் போறீங்களா என்று கேட்டாள். அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்கு வேடிக்கையாக இல்லை. ஆறு வருடம் தினமும் போனில் நல்லாருக்கியா என்று கேட்டிருக்கிறேன், தினமும் நல்லாருக்கேன் என்றாள், நானும் நம்பிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அவளிடம் எனக்கு வந்த கோபம் உண்மையில் என் மேல் வந்தது. அது புரிவதற்குள் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடப்பாரையால் அடுப்பை உடைத்தேன். அன்றைக்குத்தான் எங்கள் தோட்டத்தில் முதல் ஆண் பாளை வெடித்தது. பாய் அதை அறுத்து இறக்கிக்கொண்டு வந்தவர், காயக்கூட இல்லாத அடுப்பு மண்ணாகிக் கிடப்பதைப் பார்த்து, என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார். அவளுக்கு முட்டி வலி என்றேன். ஆட்டுப் பட்டி கட்டி மிச்சமான சிமெண்டுக் கல்லெல்லாம் எங்கே கிடக்கிறது என்று கையைக் காட்டினார்.

நின்று சமைக்கிற மேடை கட்டிவிடுகிறேன், வீட்டு மேடை மாதிரியே போதுமா என்று அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். வீட்டு மேடை அவளுக்கு உயரமாம். அந்த வீட்டை நான் ருவைஸில் இருந்தபடி போனிலேயே கட்டியவன். கொத்தனார் தன் உயரத்துக்கு மேடை போட்டுவிட்டார், அவள் பன்னிரண்டு வருடமாகப் பலகை போட்டு ஏறி நின்று சமைக்கிறாள். இதுவும் எனக்குப் புதிய செய்தி. பலகையை நான் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கவிழ்க்க வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ரெண்டு முழமும் ரெண்டு விரக்கடையும் இருந்தால் சரியாக இருக்கும் என்றாள். அளந்து சுவரில் கோடு போட்டு, பக்கத்தில் நின்று வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு கையால மொழம் போட்டீங்க?"

"என் கையாலதான்."

"சமைக்கப் போறது யாரு?"

அப்புறம் தன் கையை முழங்கையிலிருந்து நிமிர்த்திப் போனுக்கு முன்னால் காட்டினாள், இவ்வளவுதான் என் முழம் என்று. சின்னத் திரையில் ஒரு கை. ரப்பர் வளையல், பக்கத்தில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு. அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் தோளுக்கு வருவாளா, காதுக்கு வருவாளா என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு நூறு மரத்தின் உயரம் எனக்கு இருட்டில்கூடத் தெரியும். டேப் வைத்து அளந்து சொல்லேன் என்றேன். கொத்தனாரும் டேப்பு வச்சுத்தான் கட்டினாரு என்றாள். நானே நூல் பிடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று முடித்துவிட்டாள்.

என்னோடு சாரம் கட்டிய பக்கத்து ஊர்க்காரர் அப்போது லீவில் இருந்தார். அவர் ருவைஸுக்குத் திரும்பி வந்ததும் தண்ணீர் லாரிக்காரரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டார். பருப்புப் பொடி, நார்த்தங்காய், முறுக்கு. நடுவில் ஒரு தாளில் சுற்றி, பூக்கட்டுகிற வாழை நார் நூல். இரண்டு பக்கமும் முடிச்சு. ஒரு முடிச்சுத் தரை, ஒரு முடிச்சு மேடை. அதை நேராகப் பிடித்து என் உடம்போடு வைத்துப் பார்த்தேன். இடுப்புக்குக்கூட வரவில்லை, தொடையோடு நின்றுவிட்டது. இவ்வளவு சின்ன ஆளா இவள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. ஆட்டுப் பட்டிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதன்பின் ஒரு வாரம் விடிந்ததும் மரம், வெயில் சாய்ந்ததும் மேடை. கையெல்லாம் பூ மாவு, அதன்மேல் சிமெண்டு. ஒவ்வொரு வரிசைக் கல் வைத்ததும் நூலைப் பிடித்துப் பார்ப்பேன். மேலே அர்பாப் வீட்டில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் பதித்தேன். கேஸ் அடுப்பு ஒன்று வாங்கி வைத்தேன். எல்லாம் முடிந்ததும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நூலைத் தரையிலிருந்து மேடை விளிம்புவரை பிடித்துக் காட்டினேன். முடிச்சு விளிம்பில் அப்படியே உட்கார்ந்தது, நூலிழை கூடக் கூடுதல் குறைவில்லை. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். சரியா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் விசாவும் வந்தது. அர்பாப் என் போனுக்கு அனுப்பினார், நான் அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அடுத்த நாளும் பார்க்கலாம். மரங்களில் பாதிக்கு மேல் பூக்கட்டி முடித்திருந்தோம். இன்னும் தாமதித்தால் வெயில் ஏறிவிடும், தகரத்துக்குக் கீழ் அவளால் இருக்க முடியாது என்று எனக்குப் பரபரப்பு. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குத் தேதி சொல்லாமல் போனை வைக்க விடமாட்டேன் என்றேன்.

"நான் வரலைங்க" என்றாள்.

முட்டியா என்று கேட்டேன். இல்லை என்றாள். மகளுக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை. அப்புறம் அவள் பேசினாள். இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க லீவு முடிஞ்சு போனீங்கன்னா அதுக்கப்பறம் எனக்கு மூணு மாசம் ஆகும். சோத்த ரெண்டு பேருக்கு வடிச்சிருவேன். கேட்டுச் சத்தம் கேட்டா எந்திரிச்சிருவேன். பெறகு பழகிரும். எட்டுத் தடவ அப்பிடிப் பழகிட்டேன். அப்பெல்லாம் புள்ள இருந்துச்சு, அத்த இருந்தாங்க. இப்பத் தனியாளா இன்னொரு தடவ என்னால முடியாதுங்க."

அப்புறம் எதற்கு நூலைக் கொடுத்துவிட்டாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப வரணும்னுதான் இருந்துச்சு. நீங்க மேடையக் கட்டிக் காட்டினீங்கல்ல, அன்னைக்குத்தான் பயம் வந்துச்சு. அம்புட்டுச் சரியா இருந்துச்சு. அதுல நின்னு ஒரு மாசம் சமைச்சுட்டேன்னா, பெறகு இங்க வந்து எப்பிடிங்க பலகையில ஏறி நிப்பேன்?"

நானே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கலாஸ் என்று ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

"அதையும் எட்டுத் தடவ சொல்லிட்டீங்க" என்றாள். குத்திக் காட்டுகிற குரலில்கூட இல்லை. வெந்நீர் வைத்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அந்தத் தடவை நிஜமாகத்தான் சொன்னேன். முந்தின எட்டுத் தடவையும் நிஜமாகத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மரம் ஏறியவன் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன். மூன்று மரத்துக்கு வேண்டிய சரத்தை ஒரே பூவில் திணித்து, ஓலையை இறுக்கிக் கட்டிவிட்டேன். அப்படிக் கட்டினால் பூ மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். பாய் கீழிருந்து பார்த்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார். திட்டுவார் என்று பார்த்தேன். அவரே ஏறிக் கட்டை அவிழ்த்துச் சரிசெய்துவிட்டு வந்து, டீ போட்டுக் கொடுத்து, விஷயம் என்ன என்று கேட்டார். ஓட்டை ஹிந்தியில் முழுவதையும் சொன்னேன். அவர் நாட்டைவிட்டு வந்து இருபத்தெட்டு வருடம். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், உன்னிடமாவது அவள் சொன்னாள், என் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன் என்றார்.

அர்பாப்பிடம் மேடத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். விசாத் தேதி தானாக முடிந்துபோனது. இப்போது பூவெல்லாம் காய் பிடித்துவிட்டது, பச்சை மணியாகத் தொங்குகிறது, நான் இறுக்கிய அந்தக் குலை உட்பட. குளிக்கும்போது கதவின் தாழ்ப்பாளை நான் போடுவதில்லை, எனக்கு யார் வரப் போகிறார்கள்.

ஆனால் மேடையில்தான் சமைக்கிறேன். என் உயரத்துக்கு அது ரொம்பத் தாழ்வு. வெங்காயம் அரியும்போது குனிய வேண்டும், சோறு வடிக்கும்போது இன்னும் குனிய வேண்டும். ரூமுக்குள் என் பழைய ஸ்டவ் மேசைமேல் அப்படியே இருக்கிறது. நிமிர்ந்து நின்றே சமைக்கலாம். ஒரு வரிசைக் கல் ஏற்றினால் போதும், அரைமணி நேர வேலை, நான் செய்து தருகிறேன் என்று பாய் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அறுவடை முடியட்டும் என்றேன். அவளுக்கென்று சரியாக அளந்து கட்டிய சமையல் மேடை உலகத்தில் இது ஒன்றுதான், அதில் எப்படிக் கை வைப்பது என்று அவரிடம் ஹிந்தியில் சொல்லத் தெரியவில்லை.

நேற்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். நான் சுவரைப் பிடித்து எழுந்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"இடுப்பப் பிடிக்கிறீங்க, என்னது?"

"ஒண்ணுமில்ல. மரம் ஏறினது."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன். நல்லாருக்கேன்" என்றேன்.